படித்தவன் எப்படிப் போய் விழுந்தான்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துக்கொள்கிறேன். சித்தி மகனுக்கு 31 வயது. பெங்களூரில் ஐடி வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தான். முதலில் வார இறுதி மட்டும் போனான், அப்புறம் மாதக்கணக்கில். இப்போது வேலையை விட்டுவிட்டு அந்தக் குழுவோடேயே தங்கியிருக்கிறான். சேமிப்பு முழுவதும் அங்கே போய்விட்டது. அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. "இவ்வளவு படித்தவனை எப்படி மயக்கினார்கள், அவன் ஏன் வெளியே வர மாட்டேன் என்கிறான், நாங்கள் என்ன செய்வது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் "மருந்து வைத்துவிட்டார்கள்" என்பார்கள். படித்தவர்கள் அதையே "மூளைச்சலவை" என்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: யாரோ ஒரு நாள் ஏதோ செய்தார்கள், மறுநாள் பிள்ளை வேறு ஆளாகிவிட்டான். ஆனால் இது வருடக்கணக்கில், படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் அவனுடைய சம்மதத்தோடு நடக்கிறது. அவனே சரி சரி என்று சொல்லிக்கொண்டு ஏறிய படிகள் என்பதால்தான் இறங்குவது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி எட்டு வருடம் இப்படியொரு குழுவுக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தாள். அவள் போன நாளிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் கல்ட் என்று சொல்வதற்குத் தமிழில் பொருந்திவரும் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. குழு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதில் மிக விரிவாகப் பதிவான கதை ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகருடையது. 1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டுக்குள் அவர் அமைத்திருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் ஒரே நாளில் 909 பேர் இறந்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகளும் சிறுவர் சிறுமியரும். எல்லோரும் முடிவை மட்டும் பேசுகிறார்கள். உங்களுக்கு உதவப்போவது அதன் தொடக்கம்.

1950களில், இண்டியானாபொலிஸ் நகரில் வெள்ளையர் ஒரு தேவாலயத்துக்கும் கறுப்பினத்தவர் இன்னொரு தேவாலயத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர் ஜோன்ஸ். பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற அவருடைய சபை ஏழைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டது, முதியோர் இல்லங்கள் நடத்தியது. 1961இல் அவர் அந்நகர மனித உரிமை ஆணையத்தின் இயக்குநராக இருந்தார். அவரும் மனைவியும் ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அந்த மாநிலத்தில் அதற்கு முன் எந்த வெள்ளைத் தம்பதியும் செய்யாத காரியம் அது. வாழ்நாள் முழுக்கப் பின்வாசல் வழியாகவே நடத்தப்பட்ட ஒரு கறுப்பின மூதாட்டி இந்த மனிதரைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? கடைசியில் நம்மையும் மனிதராக மதிக்கிற ஓர் இடம் கிடைத்தது என்றுதானே? அப்படி நினைத்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அதாவது, யாரும் இப்படிப்பட்ட குழுவில் சேர வேண்டும் என்று கிளம்பிப் போவதில்லை. தியானம் கற்றுக்கொள்ளப் போகிறார்கள், சேவை செய்யப் போகிறார்கள், முதுகுவலிக்கு யோகா செய்யப் போகிறார்கள். போகிற நேரம் மட்டும் முக்கியம். புது ஊர், முதல் வேலை, காதல் முறிவு, அப்பாவின் மரணம் என்று பழைய பிடி விட்டுப்போய்ப் புதுப் பிடி கிடைக்காத நேரமாகப் பெரும்பாலும் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் தம்பியின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்துக்கே தெரியாத ஒன்றாகக்கூட இருக்கலாம்.

அந்த நேரத்தில் போய் நிற்பவரை அன்பால் மூழ்கடிப்பார்கள். என் தோழி அங்கே போன மூன்றாவது வாரம், ஒரு அக்கா காபி டம்ளரை நீட்டி "உனக்குச் சர்க்கரை வேண்டாம்தானே" என்றாராம். ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவள் பெயரின் இனிஷியல்கூடத் தெரியாது. "அந்தக் காபியில் விழுந்தவள்தான்" என்று பின்னால் சொன்னாள். அந்த அக்கா நடிக்கவில்லை என்றும் சொன்னாள். அது உண்மை என்றே நினைக்கிறேன். கீழ்மட்டத்தில் இருப்பவர்களின் அன்பு பெரும்பாலும் நிஜமானது, அதனால்தான் அது வேலை செய்கிறது. ஆனால் அந்த அன்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது முதல் "முடியாது" என்று சொல்லும்வரை கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் படிகள் ஆரம்பிக்கும். 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். "கவனமாக வண்டி ஓட்டுங்கள்" என்று எழுதிய மிகப் பெரிய, பார்க்கச் சகிக்காத பலகையை உங்கள் வீட்டுமுன் நட்டுக்கொள்ளட்டுமா என்று வீடுவீடாகப் போய்க் கேட்டார்கள். நேராகப் போய்க் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பே, அதே விஷயத்தைச் சொல்லும் ஒரு சின்ன ஸ்டிக்கரை மட்டும் ஒட்டச் சொல்லிக் கேட்டிருந்த வீடுகளில் 76 சதவீதம் பேர் பலகைக்கும் சரி என்றார்கள். ஸ்டிக்கரை ஒட்டியதும் "நான் இப்படிப்பட்ட ஆள்" என்று தன்னைப் பற்றி ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. அடுத்த வேண்டுகோள் அந்த எண்ணத்திடம்தான் பேசுகிறது.

ஜோன்ஸின் சபையில் முதலில் வருமானத்தில் ஒரு பங்கு கேட்டார்கள், பிறகு கால்வாசி, பிறகு வீடு, நிலம், முதியோரின் ஓய்வூதியக் காசோலை வரை எல்லாம். வாரம் ஒரு கூட்டம் என்பது பல கூட்டங்களாகி, நள்ளிரவு தாண்டியும் நீண்டது. பகலில் வேலை, இரவில் கூட்டம் என்று தூக்கம் கெட்டவருக்கு எதையும் உட்கார்ந்து யோசிக்கத் தெம்பு இருக்காது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். செய்யாத குற்றத்தைச் செய்ததாக எழுதிக் கையெழுத்திடுங்கள், உங்கள் விசுவாசத்தைச் சோதிக்கத்தான் என்றார்கள். போட்டார்கள். வெளியே போய்ப் பேசினால் அந்தத் தாள் வெளியே வரும் என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, அதிகம் பேர் பேசாதது. ஜோன்ஸ் மேடையில் புற்றுநோயைக் குணப்படுத்திக் காட்டுவார். நோயாளியின் உடம்பிலிருந்து கட்டி வெளியே வந்துவிட்டது என்று ரத்தம் தோய்ந்த ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுவார்கள். அது கோழியின் ஈரலோ குடலோதான். வந்தவர்களின் அந்தரங்க விவரங்களைத் தெய்வ அருளால் சொல்வதுபோல் அவர் சொன்னதெல்லாம், உதவியாளர்கள் அவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கிளறியும் வேறு சாக்கில் வீட்டுக்குள் போய்ப் பார்த்தும் சேர்த்த குறிப்புகள். இந்த உதவியாளர்களை நினைத்துப் பாருங்கள். ஏமாற்று வேலை என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள். முதலில் ஓடிப்போக வேண்டியவர்கள் இவர்கள்தானே? பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறோம், நிறவெறியை எதிர்க்கிறோம், அந்தப் பெரிய நன்மைக்காகச் சின்னப் பொய் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். கோழி ஈரலைத் தன் கையால் நறுக்கியவருக்கு வெளியே போவதென்றால், "நான் இதையெல்லாம் செய்தேன்" என்று ஒத்துக்கொண்டுதான் போக வேண்டும். நம்பிக்கை போன பிறகும் ஆட்களைக் கட்டிப்போடும் கயிறு இதுதான் என்பது என் எண்ணம். உங்கள் தம்பியும் இந்நேரம் புதிதாக நாலு பேரைச் சேர்த்துவிட்டிருப்பான். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் அவனுக்குள் இருக்கலாம்.

சந்தேகமே வராதா என்று கேட்பீர்கள். வரும். வரும்போதெல்லாம் அது சந்தேகப்பட்டவரின் குறையாகவே திருப்பிக் கொடுக்கப்படும். என் தோழியின் குழுவில் இரவு படுக்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் அன்றைய தவறுகளை எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். "கணக்கு வழக்கு ஏன் காட்டுவதில்லை என்று தோன்றியது" என்று ஒரு நாள் எழுதினாளாம். மறுநாள் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: "அகங்காரம்". அதற்குமேல் அந்தக் கேள்வியைத் தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறாவது வருடம் அந்த நோட்டைத் திருத்தும் பொறுப்பு அவளுக்கே வந்தது. அவளும் சிவப்பு மையில் "அகங்காரம்" என்று எழுதினாள்.

இப்படிப்பட்ட இடத்தில், பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சந்தேகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போய்விடுகிறது. ஜோன்ஸ்டவுனில் கணவனை மனைவியும் பெற்றோரைப் பிள்ளைகளும் காட்டிக்கொடுத்தார்கள். கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன, பாஸ்போர்ட்டுகள் வாங்கிவைக்கப்பட்டன. வெளி உலகச் செய்தி ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரலில்தான் வரும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரை முகாம்களில் அடைக்கப்போகிறார்கள் என்று அந்தக் குரல் சொன்னால், இல்லை என்று சொல்ல இன்னொரு குரல் கிடையாது.

1978 நவம்பர் 17 மாலை லியோ ராயன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், உறவினர்களின் புகார்களை விசாரிக்கச் செய்தியாளர்களோடு அங்கே வந்தார். வரவேற்புக் கச்சேரி நடந்தது. இது தங்கள் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல விஷயம் என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள் என்று அவர் மைக்கில் சொன்னதும், கைதட்டல் ஓயவே நேரமானது. அதே மாலையில், இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், கீழே விழுந்த காகிதத்தை எடுத்துக் கொடுப்பதுபோல ஒரு மடித்த சீட்டைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரிடம் கொடுத்தார். தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதி, இங்கிருந்து வெளியேற உதவுங்கள் என்று கேட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்ட ஒரு குழந்தை, சீட்டுக் கொடுத்துவிட்டார் என்று உடனே சத்தம் போட்டுச் சொன்னது. குழந்தைகளை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். மறுநாள் ராயனோடு கிளம்பியவர்கள் 15 பேர் அளவில்தான். விமான ஓடுதளத்தில் ஜோன்ஸின் ஆட்கள் சுட்டதில் ராயன் உட்பட 5 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கடைசிக் கூட்டத்தின் ஒலிநாடா இருக்கிறது, சுமார் 44 நிமிடம். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற வயதான கறுப்பினப் பெண் ஒருவரின் குரல் கேட்கும். எல்லோரும் சாக வேண்டும் என்று ஜோன்ஸ் சொல்லும்போது அவர் எழுந்து, ரஷ்யாவுக்குப் போக முடியாதா என்று கேட்கிறார். இந்தக் குழந்தைகள் வாழத் தகுதியானவர்கள் என்கிறார். நிதானமாக, மரியாதையாக வாதாடுகிறார். ஜோன்ஸ் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை வாயடைத்தது கூட்டம்தான். உட்கார் என்று சுற்றியிருந்தவர்கள் கத்துகிறார்கள். அந்த நாளில் அவரும் இறந்தார். அதைத் தற்கொலை என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. குழந்தைகளின் வாயில் ஊசிக்குழாயால் சயனைடு கலந்த பானத்தைப் பீய்ச்சினார்கள், சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நின்றார்கள். அது கொலை.

விஷம் என்று சொல்லிக் குடிக்கச் சொல்லும் ஒத்திகை அதற்கு முன்பே நடந்திருக்கிறது. குடித்த பிறகு, இது வெறும் சோதனை, நீங்கள் தேறிவிட்டீர்கள் என்பார்கள். வெள்ளை இரவுகள் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். இதுவும் அந்த ஸ்டிக்கர் கதைதான்.

"படித்தவன்" என்பதற்கு வருகிறேன், அது உங்களை ரொம்ப உறுத்துகிறது என்று தெரிகிறது. ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுவாயுவைப் பரப்பியது. ஒரு சின்ன யோகா வகுப்பாக ஆரம்பித்த குழு அது. ரயிலில் நச்சுப் பையைக் குத்திக் கிழித்தவர்களில் ஒருவர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். இன்னும் சிலர் பெரிய பல்கலைக்கழகங்களில் இயற்பியல் படித்தவர்கள். படிப்பு தடுப்பூசி ஆகாது. நன்றாக யோசிக்கத் தெரிந்தவர், தான் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரராகவே இருக்கிறார்.

வெளியிலிருந்து ஆதாரத்தைக் காட்டினால் தெளிந்துவிடுவான் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வந்து உலகம் மூழ்கும், பறக்கும் தட்டு வந்து நம்மைக் காப்பாற்றும் என்று நம்பிய ஒரு சின்னக் குழு சிகாகோ அருகே இருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் உறுப்பினர்கள்போல உள்ளே போய்க் கவனித்தார்கள். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. விடியும் முன் ஒரு செய்தி வந்தது: நம் குழுவின் நம்பிக்கையால் உலகமே காப்பாற்றப்பட்டது. அதுவரை பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே ஒதுங்கியவர்கள், அன்று தாங்களே பத்திரிகைகளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். வேலையை விட்டு, ஊர் சிரிக்க வந்து உட்கார்ந்தவருக்கு, அத்தனையும் வீண் என்று ஒத்துக்கொள்வதைவிட இன்னும் இறுக்கமாக நம்புவது சுலபம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? போலீஸில் சொன்னாலும், ஆட்கொணர்வு மனு போட்டாலும், அவன் மேஜர். என் விருப்பத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் யாரும் இழுத்துவர முடியாது. அவனை அடைத்து வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அது வேறு விஷயம், உடனே வக்கீலைப் பாருங்கள். மாமாக்கள் நாலு பேர் காரில் போய்த் தூக்கிவரலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1970களில் பெற்றோர் ஆள் வைத்துப் பிள்ளைகளைக் கடத்தி அறையில் அடைத்து "தெளியவைக்க" முயன்றார்கள். பல வழக்குகள் வந்தன, பல பிள்ளைகள் திரும்ப அந்தக் குழுக்களுக்கே போனார்கள். குடும்பம்தான் எதிரி என்று அங்கே சொல்லித் தந்திருப்பார்கள். நீங்கள் அதை நிரூபித்துக் கொடுக்காதீர்கள்.

குருவைத் திட்டாதீர்கள். திட்டினால் அவரைக் காப்பாற்றி வாதாட வேண்டிய கட்டாயம் அவனுக்கு வரும், பேசப் பேச அவன் நம்பிக்கை இறுகும். அவன் பழைய சிநேகிதர்களைத் தொடர்பில் இருக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பாதீர்கள், பணத்தைப் பற்றிச் சண்டையும் போடாதீர்கள். திரும்பி வந்தால் "அப்பவே சொன்னேனே" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் இப்போதே பேசிவையுங்கள். வந்த பிறகும் பொறுமை வேண்டும். என் தோழி வெளியே வந்த முதல் மாதம் எனக்குப் போன் செய்து, "மதியம் கொஞ்சம் படுக்கலாமா?" என்று கேட்பாள். முப்பத்தைந்து வயதுக்காரி, அனுமதி கேட்டாள். ஒரு நல்ல மனநல ஆலோசகரிடம் வாரா வாரம் போய்வந்து, அந்தக் கேள்வி நிற்க ஆறேழு மாதம் ஆனது.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அம்மா மாதம் ஒரு கடிதம் போடுவார். திரும்பி வா என்று ஒரு வரிகூட இருக்காது. முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார், ரேஷனில் துவரம்பருப்பு போடவில்லை, இப்படித்தான் இருக்கும். பொறுப்பாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று அவளிடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் செல்போன் வாங்கிய பிறகும் அந்த அம்மா லேண்ட்லைனை மட்டும் எடுக்கவிடவில்லை. மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது வருடம் ஒரு விடியற்காலையில், கையில் போன் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்காரரிடம் போன் வாங்கி அவள் அழைத்தது அந்த எண்ணைத்தான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

சித்தியிடம் அவர் நம்பரை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.